ஏழு மாதம் கழித்துத் துக்க வீட்டுக்குப் போனேன்

அப்பா திருச்சியில் கொரோனாவில் இறந்தது 2021 மே 8. பத்தாம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு என்று தமிழக அரசு அறிவித்ததும் அன்றுதான். நான் சிங்கப்பூரில் இருந்தேன். மூத்த மகன் நான் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தான். ஓயாமரி மயானத்திலிருந்து தங்கை வீட்டுக்காரர் கைப்பேசியில் காட்டிய பதினோரு நிமிடம்தான் எனக்குக் கிடைத்தது. மூட்டை போல் கட்டியிருந்தார்கள், முகம் தெரியவில்லை.

சென்னையிலிருந்து தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படாமல் சிங்கப்பூர் திரும்பலாம் என்ற ஏற்பாடு நவம்பர் 29 அன்று தொடங்கியது. உடனே டிக்கெட் எடுத்தேன். அதற்குள் ஒமைக்ரான் வந்துவிட்டது; டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியாவின் ஆபத்து நாடுகள் பட்டியலில் சிங்கப்பூரும் இருந்தது. இந்தியா வருவோர் இணையத்தில் நிரப்ப வேண்டிய ஏர் சுவிதா படிவம், சென்னையில் இறங்கியதும் பரிசோதனை, முடிவு வரும்வரை காத்திருப்பு, பிறகு வீட்டில் ஏழு நாள் தனிமை, எட்டாம் நாள் மறுபரிசோதனை. விமான நிலையத்தில் மாதிரி எடுத்த பெண் பயணக் காரணம் கேட்டார். "அப்பா காரியம்" என்றேன். ஒரு கணம் கையை நிறுத்தி, "எப்போது?" என்று கேட்டார். மே மாதம் என்றதும் தலையை மட்டும் அசைத்தார்.

ஏழு நாளும் மாடி அறையில், அப்பாவின் கட்டிலில் இருந்தேன். அம்மா சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுக் கீழே நின்று பேசுவாள். அப்பா இறந்தபோது, இறப்பு வீட்டுக்கு இருபது பேர்தான் வரலாம் என்று விதி இருந்தது. வந்தது ஆறு பேர். பதினாறாம் நாள் காரியத்தை வீட்டோடு முடித்துக்கொண்டார்கள். அஸ்தி கரைத்தபோது காவிரியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லையாம். மேட்டூர் திறந்ததே ஜூன் 12 அன்றுதான். "மணலில் நடந்து போய் ஒரு ஓடையைத் தேடிக் கரைத்தோம் அண்ணே" என்றான் சித்தப்பா மகன். ஊரடங்கு தளர்ந்த பிறகும் வந்தவர்கள் வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போனார்களாம்.

எட்டாம் நாள் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. லால்குடியிலிருந்து அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே குரல் எடுத்துவிட்டாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள்; பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த வளையத்தில் சேர்ந்தார்கள். அம்மா அழுததை ஏழு மாதத்தில் அன்றுதான் பார்த்ததாகத் தங்கை சொன்னாள். ஒருமணி நேரத்துக்கும் மேல் அழுதார்கள். பிறகு அம்மா எழுந்து எல்லோருக்கும் காபி போட்டாள்.

அலுவலக வேலைகளைத் தங்கையே பெரும்பாலும் முடித்திருந்தாள். 21 நாளுக்குள் பதிந்ததால் இறப்புச் சான்றிதழில் சிக்கல் இல்லை. பெயரில் தப்பிய ஓர் எழுத்தைத் திருத்த இரண்டு முறை நடந்தேன். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு அப்போது தந்த ஐம்பதாயிரம் ரூபாய் நிவாரணத்துக்குத்தான் பாடு. மருத்துவமனை தந்த காரணச் சீட்டில் நிமோனியா என்று மட்டும் இருந்தது. ஆனால் தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்திருந்தால் கொரோனா இறப்பாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறை சொன்னது. அந்தப் பரிசோதனை முடிவைத் தங்கை கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருந்தாள். அதை இணைத்து விண்ணப்பித்தோம்.  சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு விட்டுவிடவில்லை.

அந்தத் தனியார் மருத்துவமனையில் அப்பாவின் கைக்கடிகாரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் கேட்டேன். பதிவே இல்லை என்றார்கள். கட்டண ரசீதில் கையுறை வரை கணக்கு இருக்கிறது. என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

சிங்கப்பூர் திரும்புவதற்கு முந்தைய நாள், அப்பாவை மயானத்துக்கு எடுத்துச் சென்ற தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) தொண்டர்களில் ஒருவரைத் தேடிப் போனேன். இருபத்தைந்து வயது இருக்கும். அப்பா இறந்தது ரமலான் நோன்பு மாதம். அக்னி நட்சத்திர வெயிலில், அந்தப் பிளாஸ்டிக் உடைக்குள், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் தூக்கியிருக்கிறார்கள். பணம் கொடுக்க முயன்றேன். என் கையை அப்படியே மூடிவிட்டார். அப்பாவின் முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "அந்த வாரம் நிறையப் பேர் அண்ணே" என்று தயங்கினார். பிறகு தேதி கேட்டு, உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அப்பாவின் பெயர், வயது 71, எரியூட்டல், மாலை 4.40. கடைசிக் கட்டத்தில் நீல மையில், "மகன் வெளிநாடு. போனில் பார்த்தார்" என்று எழுதியிருந்தது.