வாக்கியம் அமைக்கவும் படித்ததைப் புரிந்துகொள்ளவும்: குழந்தைக்கு எந்தப் பயிற்சி உதவும்?

கலைந்த சொற்களை வரிசைப்படுத்துவது, கோடிட்ட இடத்தை நிரப்புவது, இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்குவது: வாக்கியம் அமைக்கப் பழக்குவதற்குப் பெரும்பாலும் இந்த மூன்று வழிகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. படித்ததைப் புரிந்துகொள்வதற்கோ, பத்திக்குக் கீழே கேள்வி கேட்பது, சேர்ந்து படித்துப் பேசுவது, கதையைத் திருப்பிச் சொல்லவைப்பது. எல்லாமே நல்லவை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தை கவனத்தோடு உட்காரும் நேரம் குறைவு. அதை எதற்குச் செலவிடுவது என்று நாம் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

முதலில் கலைந்த சொற்கள். ஆங்கிலத்தில் இந்தப் பயிற்சிக்கு நல்ல காரணம் உண்டு. எது எதைத் துரத்தியது என்பதை அங்கே சொல் நிற்கும் இடம்தான் காட்டுகிறது. தமிழில் அந்த வேலையைச் செய்வது வேற்றுமை உருபு. "பூனை எலியைத் துரத்தியது", "எலியைப் பூனை துரத்தியது" இரண்டும் ஒரே செய்திதான். உருபு ஒட்டிய சொற்களைக் கலைத்துக் கொடுக்கும்போது, கடினமான பகுதியை நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, பூனையை முதலில் வைக்காத குழந்தையின் சரியான விடைக்குத் தவறு என்று குறியும் போட்டுவிடுகிறோம்.

பூனை, எலி, துரத்து என்று உருபில்லாமல் மூன்று சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். எது துரத்துகிறது என்பதைக் குழந்தையே முடிவு செய்ய வேண்டும். 'ஐ' சேர்க்க வேண்டும். காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வினைமுற்றை எழுவாயோடு பொருத்த வேண்டும். எலி பூனையைத் துரத்துவதாக ஒரு குழந்தை எழுதினால் இன்னும் நல்லது. எது மாறியதால் கதை மாறியது என்று பேச வாய்ப்புக் கிடைக்கிறது.

கோடிட்ட இடத்தை நிரப்புவது, 'அவள் வந்தான்' என்று எழுதாமல் இருக்கிறார்களா என்று சரிபார்க்கப் போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

என் தேர்வு வாக்கியங்களை இணைப்பதுதான். "தம்பி ஓடினான். தம்பி விழுந்தான்." இந்த இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். 'தம்பி ஓடி விழுந்தான்', 'ஓடிய தம்பி விழுந்தான்', 'ஓடும்போது விழுந்தான்', 'ஓடியதால் விழுந்தான்' என்று பல விடைகள் வரும். எல்லாமே சரி, ஆனால் எல்லாம் ஒன்றல்ல. 'ஓடியதால்' என்னும்போது காரணம் வந்துவிட்டது. ஸ்டீவ் கிரகாம், டொலோரஸ் பெரின் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், எழுதும் திறனை மேம்படுத்தும் முறைகளில் ஒன்றாக வாக்கிய இணைப்பு இடம்பெற்றது. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் அந்தத் திறன் மேம்பட்டதாகத் தெரியவில்லை. அந்தத் தொகுப்பு நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றியது. சிறியவர்களுக்கு இதை வாய்மொழியாகவே செய்யலாம்; பென்சில் பிடிக்கும் சிரமம் சிந்தனைக்குக் குறுக்கே வராது.

இந்தப் பயிற்சி வாசிப்புக்கும் நேரடியாக உதவுகிறது. "அக்கா வாங்கிக் கொடுத்த பொம்மையைத் தம்பி உடைத்தான்" என்ற வரியைக் கொடுத்து, பொம்மையை வாங்கியது யார் என்று கேளுங்கள். இப்படிப்பட்ட வாக்கியத்தைத் தானே கட்டிப் பார்த்த குழந்தைக்கு அதைப் பிரித்துப் பார்க்கவும் தெரியும். இதனால்தான் வாக்கிய அமைப்பையும் புரிதலையும் இரு வேறு பாடங்களாக நடத்துவதை நான் ஏற்பதில்லை.

இனி பத்திக்குக் கீழே வரும் கேள்விகள். "மிலவன் தரும்பில் கொவிந்தான்." கொவிந்தது யார்? மிலவன். எங்கே கொவிந்தான்? தரும்பில். முழு மதிப்பெண்! அந்த வரிக்குப் பொருளே கிடையாது. 'இல்' என்ற உருபைப் பிடித்துக்கொண்டே விடை எழுதிவிட முடிகிறது. யார், எங்கே, எப்போது என்று மட்டும் கேட்கும் பயிற்சித்தாள் புரிதலை அளப்பதில்லை. விடை பத்தியில் அப்படியே கிடைக்காத கேள்வி ஒன்றாவது இருக்க வேண்டும்: அவன் ஏன் அப்படிச் செய்தான்?

சேர்ந்து படித்துப் பேசுவது இதைவிட வெகுதூரம் போகிறது. பாலின்சார், பிரவுன் என்ற கல்வி ஆய்வாளர்கள் 1984இல் விவரித்த முறையில் நான்கு செயல்கள் உண்டு: அடுத்து வருவதை ஊகிப்பது, கேள்வி எழுப்புவது, புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்வது, சுருக்கிச் சொல்வது. தொடக்கத்தில் பெரியவர் செய்வதை மெல்ல மாணவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். அது வளர்ந்த மாணவர்களுக்காக உருவானது. சிறு குழந்தைக்கு ஊகிப்பதும் கேள்வி கேட்பதும் போதும். திருப்பிச் சொல்லவைப்பது புரிந்ததா என்று பார்க்க நல்ல வழி. பேசக் கூச்சப்படும் குழந்தை வரைந்து காட்டட்டும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் குழந்தைக்கு என்ன செய்வது? காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்புப் புரிதலை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை வாசிக்கும் திறன், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இரண்டின் பெருக்குத்தொகை. ஒன்று சுழியானால் மொத்தமும் சுழி. தமிழின் 247 எழுத்துகளும் கைவசமாகும் வரை இரண்டாவது திறன் காத்திருக்கக் கூடாது. பெரியவர் உரக்கப் படிக்க வேண்டும். வீட்டில் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வேறாக இருப்பதால், 'போய்விட்டான்', 'இருக்கின்றன' போன்ற வடிவங்கள் முதலில் காதுக்குப் பழகியாக வேண்டும்.

பயிற்சித்தாளா, புத்தகமா என்ற கேள்விக்கு 1988இல் ரெக்ட், லெஸ்லி நடத்திய ஆய்வு உதவும். பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றை 64 மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், ஆட்டம் தெரியாத திறமையான வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே தொடர்பில்லாத பத்துப் பத்திகளுக்குப் பதிலாக, ஒரே பொருளைப் பற்றி மூன்று நான்கு புத்தகங்களை அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள். முதல் புத்தகம் எறும்பைப் பற்றியதென்றால் அடுத்ததும் எறும்பைப் பற்றியே இருக்கட்டும். இணைத்துப் பார்க்கும் வாக்கியங்களையும் அவற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.