பள்ளிப் பாடநூல்களை வைத்து குரூப் 4: பதினைந்து மாத அனுபவம்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களை 2023 மார்ச் மாதம் கையில் எடுத்தேன். 2024 ஜூன் 9 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வை எழுதும்வரை அவற்றைக் கீழே வைக்கவில்லை. இன்று இளநிலை உதவியாளராக வேலை பார்க்கிறேன். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், இந்தப் பதினைந்து மாதங்களில் எது உதவியது, எது கைவிட்டது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் முறை எழுதியது 2022 ஜூலை 24. அப்போது என்னிடம் இருந்தவை தடிமனான ஒரு கைடும், பயிற்சி மையம் ஒன்றின் கையேடுகளும்தான். எல்லாமே ஒரு வரிக் குறிப்புகள். தமிழில் 100 வினாக்கள், 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்த 60-ஐச் சிரமமில்லாமல் தாண்டினேன். ஆனால் குரூப் 4-இல் தமிழ் மதிப்பெண் தகுதிக்கு மட்டுமல்ல, தரவரிசைக்கும் சேரும். 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வில் தமிழில் விட்ட ஒவ்வொரு ஒன்றரை மதிப்பெண்ணும் என்னைப் பின்னுக்குத் தள்ளியது. 2023 மார்ச்சில் முடிவு வந்த அன்று, விட்டவை எவை என்று வினாத்தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை நான் கேள்வியே படாத செய்திகள் அல்ல. அரைகுறையாகத் தெரிந்தவை.

அன்று நான் காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஊரில் பாதிப் பேருக்குத் தேர்வாணையத் தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து, ஹால் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தது நான்தான். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நானே பலருக்கு அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அச்சுப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினேன். ஒன்பதும் பத்தும் சித்தி மகள் படித்து முடித்தவை. பதினொன்று, பன்னிரண்டில் தமிழ், வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் நான்கை மட்டும் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன்.

தமிழ்ப் பாடநூலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செய்யுளுக்கும் பின்னால் அதன் ஆசிரியரையும் நூலையும் பற்றிய குறிப்புகளோடு 'நூல்வெளி' என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், பலர் அதை மட்டும் தனியாக வெட்டித் தொகுத்துப் படிக்கிறார்கள். நானும் 2022-இல் அப்படித்தான் செய்தேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். பாவலரேறு பெருஞ்சித்திரனார் ஆறாம் வகுப்பில் முதல் இயலிலேயே வருகிறார். அங்கே இயற்பெயர் மாணிக்கம் என்றும், நடத்திய இதழ்கள் தென்மொழி, தமிழ்ச்சிட்டு, தமிழ்நிலம் என்றும் இருக்கும். பத்தாம் வகுப்பில் மறுபடி முதல் இயலில் வருகிறார். அங்கே பெயர் துரை. மாணிக்கம் ஆகிறது, நூல்களின் பட்டியல் நீள்கிறது, திருக்குறளுக்கு அவர் எழுதிய மெய்ப்பொருளுரை வருகிறது. என்னிடமிருந்த கைடில் இவ்வளவும் சுருங்கி 'துரை. மாணிக்கம், தென்மொழி' என்று ஒரே வரியாகியிருந்தது. 'பொருந்தாததைக் கண்டறிக' என்று நான்கு நூல்களைக் கொடுத்தால் அந்த ஒரு வரியால் என்ன செய்ய முடியும்?

அதனால் இந்த முறை ஒரு புலவரை எடுத்தால் ஏழு வகுப்புகளிலும் அவர் வரும் இடங்களை எல்லாம் ஒரே நாளில் படித்தேன். ஆறாம் வகுப்புப் பக்கத்தின் ஓரத்தில் '10: இயல் 1' என்றும் பத்தாம் வகுப்புப் பக்கத்தில் '6: இயல் 1' என்றும் பென்சிலால் எழுதிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் புத்தகங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. நூல்வெளியோடு நிற்காமல் பாடல், சொல்லும் பொருளும், உரைநடை, இலக்கணம் என்று முழுவதையும் வாசித்ததால் பெயர்கள் தனித்தனியாக மிதக்காமல் ஓர் இடத்தில் பதிந்தன. பாட்டைப் படித்தவனுக்குப் பாடியவன் பெயர் மறப்பதில்லை.

பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என்னுடைய ஏழாம் வகுப்புப் புத்தகத்தை முன்பு படித்த குழந்தை, சொல்லின் கடைசி உகரம் குறைந்து ஒலிப்பதைச் சொல்லும் குற்றியலுகரப் பாடத்தின் ஓரத்தில் அழகான கையெழுத்தில் சொந்தமாக எடுத்துக்காட்டுகள் எழுதியிருந்தது. நெடில்தொடருக்கு நேராகக் 'காசு, பாகு, சால்பு' என்று இருந்தது. முதல் எழுத்து நெடிலாக இருந்தால் நெடில்தொடர் என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கிறது. நானும் யோசிக்காமல் அப்படியே மனத்தில் ஏற்றிக்கொண்டேன். மாதிரித் தேர்வில் 'சால்பு' வந்தது, தவறாகப் போட்டேன். கடைசியில் நிற்கும் 'பு'வுக்கு முந்தைய எழுத்தைத்தான் பார்க்க வேண்டும், அது 'ல்' என்ற இடையின மெய், எனவே இடைத்தொடர் என்பதை அன்றுதான் பாடத்தை ஒழுங்காகப் படித்துத் தெளிந்தேன். பிறகு வாங்கிய எல்லாப் புத்தகங்களிலும் பழைய கையெழுத்தை முதலில் ரப்பரால் அழித்துவிட்டே படித்தேன். பேனாவால் எழுதியிருந்தால் வெள்ளைத் தாள் ஒட்டினேன்.

சமூக அறிவியலில் வரலாறு மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டுக் கிளர்ச்சிகளைப் பற்றிய பாடத்தை நான் தேர்வுக்காக மட்டும் படிக்கவில்லை. சிவகங்கைச் சீமையில் பிறந்தவள் நான். திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் நினைவிடத்தைச் சிறுவயதிலிருந்து பஸ்ஸில் கடந்திருக்கிறேன். 1801 ஜூனில் திருச்சியில் அவர்கள் வெளியிட்ட பிரகடனமும், அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று அவர்கள் தூக்கிலிடப்பட்டதும், ஐந்து ஆண்டுகளுக்குள் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும் ஒரே தொடராக அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தன. கைடில் இவை மூன்று தனித் தேதிகள். அதற்குப் பிறகு இந்தத் தேதிகளை நான் மனப்பாடம் செய்ததே இல்லை.

இதே புத்தகங்கள் ஏமாற்றுகிற இடம் குடிமையியலும் புவியியலும். புதிய பாடத்திட்டத்தில் ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு நூல்கள் 2018-இலும் ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு 2019-இலும் வந்தன. பழைய பேப்பர் கடையில் கிடைப்பது பெரும்பாலும் முதல் பதிப்பு. என்னுடைய ஆறாம் வகுப்பு நூலில் மாநிலங்கள் 29, யூனியன் பிரதேசங்கள் 7. ஜம்மு காஷ்மீர் பிரிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் டாமன் டையூவும் தாத்ரா நகர் ஹவேலியும் இணைந்த பிறகு அவை 28, 8. தமிழ்நாட்டு மாவட்டங்களும் 2018-இல் 32, இன்று 38. ஆட்கள், பதவிகள், எண்ணிக்கைகள் வரும் பக்கங்களை இணையத்தில் உள்ள அண்மைப் பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்ட பிறகே படியுங்கள். நடப்பு நிகழ்வுகளுக்குப் பாடநூலில் எதுவும் கிடைக்காது. அதற்கு நாளிதழ்தான். கிளை நூலகத்தில் தினமும் மாலை அரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

கணிதத்தில் பாடநூல் பாதி வழிதான் கொண்டுபோய் விடும். திறனறிவுக்கு 25 வினாக்கள், முப்பத்தேழரை மதிப்பெண். எட்டாம் வகுப்பின் வாழ்வியல் கணிதப் பாடத்தில் விழுக்காடு, கூட்டு வட்டி, காலமும் வேலையும் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. கருத்து புரிய அது போதும். வேகம் அதில் வராது. ஒரு கணக்கை முழுப் பக்கத்துக்கு விரித்துச் செய்து பழகிய கை, ஒரு நிமிடத்தில் விடையைத் தொட வேண்டும். தேர்வாணையம் தன் இணையதளத்தில் போட்டிருக்கும் பழைய வினாத்தாள்களை எடுத்து, கடிகாரம் வைத்து, ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு செய்தேன். எண் தொடர், பகடை போன்றவற்றுக்கும் அவையே போதுமாக இருந்தன. அறிவியல் பாடத்தை எட்டாம் வகுப்பு வரை முழுதாகவும் ஒன்பது, பத்தில் தேர்ந்தெடுத்தும் படித்தேன். அதுவே போதும் என்பது என் கருத்து.

நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார்கள். காலை நான்கரை முதல் ஏழு வரை படிப்பு. பிறகு பஸ், கடை. இரவில் புதிதாக எதுவும் படிப்பதில்லை, காலையில் படித்த பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்து அம்மாவிடம் கதைபோலச் சொல்வேன். அம்மா ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர். 'அந்தம்மா எட்டு வருஷம் எங்கே இருந்தார்?' என்று வேலுநாச்சியாரைப் பற்றி ஒருநாள் கேட்டார். விருப்பாட்சியில் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் இருந்தார் என்று பதில் சொன்னேன். அம்மா கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடியதில்தான் பல வரிகள் கண்ணில் பட்டன, நானாகப் படித்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். முதல் சுற்று முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. இரண்டாவது சுற்றுக்கு நான்கு மாதம். மூன்றாவது சுற்றை ஆறு வாரத்தில் முடித்தேன். முதல் சுற்று இழுப்பதைப் பார்த்துப் பயந்து பலர் கைடுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஏழு மாதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வறையில் பாடநூல் சொல்லித்தராத வேலை ஒன்று உண்டு. விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் விடை தெரியவில்லை என்பதற்கு. எதையும் வெறுமனே விடக்கூடாது, கடைசியில் A முதல் E வரை ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை வட்டம் நிரப்பினோம் என்று எண்ணி எழுத வேண்டியிருந்தது. மொத்தம் 200 வினாக்கள் என்பதால் கூட்டினால் 200 வர வேண்டும். இதற்காகவே கடையில் மாதிரித் தாள்களை அச்செடுத்து, கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் பத்து முறையாவது நிரப்பிப் பழகியிருந்தேன். தேர்வன்று கூட்டியபோது முதல் முறையிலேயே 200 வந்தது.

அக்டோபரில் முடிவு வந்தது. அடுத்த ஆண்டு கலந்தாய்வுக்குச் சென்னை பிராட்வே அருகேயுள்ள தேர்வாணைய அலுவலகத்துக்கு அம்மாவும் கூட வந்தார்.

புத்தகங்கள் இப்போது அண்ணியிடம் போகின்றன. மாநிலம், மாவட்டம் வரும் பக்கங்களில் புதிய எண்களைச் சிவப்பு மையில் எழுதிவிட்டேன். ஏழாம் வகுப்புத் தமிழ் மட்டும் முதுகு பிரிந்து குற்றியலுகரப் பக்கங்கள் கழன்று வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை பைண்டிங் செய்து வாங்கிய பிறகு அதையும் கொடுத்துவிடுவேன்.