நீல ஒளி பரவாயில்லை, ஐபிஎல் ஒளி சிகிச்சைதான் சுட்டது
கோவையில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் பருவுக்காக ஆறு முறை நீல ஒளி சிகிச்சை எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிப் படுத்தால் போதும், வலியில்லை. 415 நானோமீட்டர் ஒளி பட்டால் பருக்கிருமிக்குள் இருக்கும் போர்ஃபைரின் என்ற பொருள் கிளர்ந்து அந்தக் கிருமியையே கொல்லும். சின்னச் சிவப்புப் பருக்கள் அடங்கின. தாடையோரக் கட்டிகள் அசையவில்லை.

அப்புறம் ஐபிஎல் (பளிச்பளிச்சென்று தீவிர ஒளியைத் தோலில் அடிக்கும் சிகிச்சை) செய்தால் சீக்கிரம் போகும் என்றார்கள். அங்கேதான் வினை. மாநிறத் தோலில் நிறம் தரும் மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும் என்று யாரும் சொல்லவில்லை; ஓரிடத்தில் அடித்துச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. தோலை ஒளிக்குக் கூசவைக்கும் பரு மாத்திரையான டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறேனா என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்! இடது கன்னத்தில் தீய்ந்த மாதிரி நான்கு பட்டை. கறுப்பு மங்க ஏழு மாதம் ஆனது, தினமும் சன்ஸ்கிரீன். அம்மா மஞ்சள் பூசச் சொன்னது தனிக்கதை. கட்டிய நாலாயிரத்தில் பாதியைத் திருப்பித் தந்தார்கள், அதுவும் கிளினிக்குக்கு மூன்று முறை நடையாய் நடந்த பிறகு.