மோலிக்குப் போர் தண்ணீரா, ஆர்ஓ தண்ணீரா?

எங்கள் வீட்டில் போர் தண்ணீரும் உண்டு, சமையலறையில் ஆர்ஓ மெஷினும் உண்டு. மோலி மீன் தொட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது போர் தண்ணீர்தான்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி, குளோரின் இருக்கக் கூடாது, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும்: இதெல்லாம் இரண்டுக்கும் பொது, விட்டுவிடலாம். ஆர்ஓ தண்ணீர் பளிச்சென்று இருக்கும், கண்ணாடியில் உப்புக் கறை படியாது. நியான் டெட்ரா மாதிரி அமேசான் மீன் வளர்ப்பவர்களுக்கு அது சரி. மோலி அந்த ஜாதி இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மீன் அது. கடலோரக் கழிமுகங்களில் உப்பு கலந்த நீரில்கூட வாழும். பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.5 முதல் 8.5 வரையும் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) 15 டிகிரிக்கு மேலும், அதாவது ஏறக்குறைய 270 பிபிஎம், இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நாம் குடிக்க முடியாமல் முகம் சுளிக்கிற தண்ணீர்தான் அது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது கேஎச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை. பிஎச்சை இறங்கவிடாமல் பிடித்துவைப்பது அதுதான். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது இந்தக் கார்பனேட்டைத் தின்றுகொண்டே இருக்கும். போர் தண்ணீரில் பெரும்பாலும் அது தாராளமாக இருப்பதால் பிஎச் அசையாது. ஆர்ஓவில் கையிருப்பே இல்லை, பிஎச் மெல்ல இறங்கி ஒருநாள் தடாலென்று சரியும். அப்போது மோலி துடுப்புகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, முன்னே நகராமல் நின்ற இடத்திலேயே இடமும் வலமும் நடுங்கும். கேஎச் சோதனைக் கிட்டின் திரவத்தைத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: ஆர்ஓ தண்ணீர் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிடும், போர் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டாலும் நீலமாகவே நின்று, பிறகுதான் மாறும். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது.

ஆர்ஓவில் கல்லுப்பு போட்டால் போதும் என்பார்கள். அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதில் சொல்லும்படி கால்சியமும் இல்லை, கார்பனேட்டும் இல்லை. கிளிஞ்சல், சமையல் சோடா எல்லாம் சேர்த்துச் சரிக்கட்டலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அளந்து அளந்து போட வேண்டும். இரண்டு மாதத்தில் அலுத்துவிடும்.

போர் தண்ணீரிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நிலத்தடியிலிருந்து வந்த கையோடு அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் இருக்கக்கூடும், அதனால் வாளியில் பிடித்து ஏர் பம்ப் போட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு ஊற்றுங்கள். இரும்பு அதிகமுள்ள தண்ணீர் காற்று பட்டதும் செம்பழுப்பாக மாறும், அப்படியிருந்தால் வேண்டாம். கடலோரப் பகுதியில், நாக்கில் வைத்தாலே கரிக்கிற போர் தண்ணீரில் நான் மோலி வளர்த்ததில்லை. மீன் தாங்கினாலும் தொட்டிச் செடிகள் தாங்குமா என்பது சந்தேகம்தான்.

அப்புறம், ஆர்ஓ மெஷினுக்கும் ஒரு வேலை உண்டு. வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும்போது உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். அந்தக் குறைவை மட்டும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், மாற்றும் தண்ணீர் போராகவே இருக்கட்டும்.