சனிக்கு நீலக்கல் மோதிரம்: பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கும் முன்

மோதிரத்தின் வெள்ளி வேலையில் குறை சொல்ல முடியாது. கல்லின் அடிப்பக்கம் விரலில் படும்படி திறந்து விடுகிறார்கள். பிடிகள் துணியில் மாட்டுவதில்லை. பார்க்க வேண்டியது கல்லை. பெரிதாக, மலிவாக, நல்ல நீலமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெடிப்புகளில் கோபால்ட் கலந்த ஈயக் கண்ணாடியை நிரப்பியிருக்கலாம். பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினால் நிறம் வெடிப்புக் கோடுகளில் அடர்ந்திருக்கும். பத்து மடங்கு லென்ஸில் காற்றுக் குமிழி தெரியும். எலுமிச்சைச் சாற்றில் ஊறினாலே நிரப்பியது அரித்துவிடும். அளவு மாற்ற ஆசாரி நெருப்புக் காட்டினால் கல் போச்சு.

இவ்வளவும் சொன்ன பிறகும் வாங்குகிறார்கள், ஆறுதலுக்காக. கணக்கைப் பாருங்கள்: சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. எந்த நாளிலும் மூன்று ராசிக்கு ஏழரை நடக்கும். அட்டமம் (ராசிக்கு எட்டில் சனி), அர்த்தாட்டமம் (நான்கில் சனி) சேர்த்தால் 12 ராசியில் 5-க்கு எப்போதும் சனி. கடனில் இருப்பவருக்கு, மகனோடு பேச்சு நின்றவருக்கு, ‘சனி படுத்துறாரு’ என்ற சொல் இதமாக இருக்கிறது. ‘கடன் நோட்டை எடுத்து உட்காருங்க, மகன்கிட்ட நீங்க பேசுற விதத்தை மாத்துங்க’ என்று சொல்லிப் பாருங்கள், மறுபடி வரமாட்டார். மோதிரம் பணம் கொடுத்த அன்றே முடிந்துவிடும். மற்றது தினமும் செய்ய வேண்டியது. தப்பு தன் பக்கம் என்று முதலில் ஒத்துக்கொள்ளவும் வேண்டும். ஆணவத்தை மூலமலம், அதாவது உயிரைப் பற்றிய முதல் அழுக்கு, என்கிறது சைவ சித்தாந்தம். அடி விழுவது அங்கேதான்.

பலன் இல்லாவிட்டாலும் நம்பிக்கை ஆடுவதில்லை. ‘காரட் பத்தலை’, ‘விரலை மாத்திப் போடுங்க’ என்று பதில் தயாராக இருக்கிறது, ஒவ்வொரு பதிலும் அடுத்த கல்லுக்கே கூட்டிப் போகிறது.

மிகவும் வருத்துவது கோளறு பதிகம் என்ற தேவாரப் பாடல் படும் பாடு. கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது, சிவன் உள்ளத்தில் இருக்கையில் கோள்கள் நல்லவையே என்று பாடிவிட்டு மதுரைக்குக் கிளம்பினார் சம்பந்தர். அதன் 11 பாடலையும் நீல மோதிரம் போட்ட விரலால் வரி தொட்டுப் படிக்கிறார்கள். ராகம் தப்பாது, பொருளை மட்டும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

அழகுக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆய்வுக்கூடச் சான்றிதழில் வெப்பமூட்டியதா, கண்ணாடி நிரப்பியதா என்ற வரியைப் படியுங்கள். மோதிரத்தில் பதிப்பதற்கு முன்பே கல்லை மட்டும் தராசில் வைக்கச் சொல்லுங்கள்: 1 காரட் 0.2 கிராம். பதித்த பிறகு எடையைச் சரிபார்க்க வழியில்லை.