மக்காவ் வாங்கப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்: வீடியோவில் ஒரு பறவை, பெட்டியில் வேறு பறவை

கோபம் அடங்கிய பிறகு நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். அடங்குகிற மாதிரி தெரியவில்லை. அதற்குள் இன்னொருவர் பணத்தைக் கட்டிவிடக் கூடாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

செல்லப்பிராணிகள் வாங்க, விற்க என்று இருக்கும் ஒரு செயலியில், புளூ அண்ட் கோல்டு மக்காவ் என்ற நீலமும் மஞ்சளுமான பெரிய கிளி ஒன்றுக்கு என் மூன்று மாதச் சம்பளத்தை முழுசாகக் கட்டினேன். காட்டியது ஒரு பறவை, அனுப்பியது வேறு பறவை. அதுவும் நோயாளிப் பறவை. விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மக்காவ் எங்களுக்குத் திடீர் ஆசை இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது, அறுபது வருடம் வாழும் பறவை. நமக்குப் பின்னால் அதை யார் வைத்துக்கொள்வது என்பது வரை வீட்டில் பேசினோம். காலையும் மாலையும் அது போடும் சத்தம் அக்கம்பக்கம் முழுக்கக் கேட்கும், மரச்சாமான் எதையும் விட்டு வைக்காது, தினமும் மணிக்கணக்கில் கூட இருக்க ஆள் வேண்டும். எல்லாம் தெரிந்துதான் இறங்கினோம். சிறகை முழுசாக விரித்து நிற்கும் அளவுக்குப் பெரிய கூண்டு, கடித்துத் துப்ப மரத்துண்டுகள், தனி அறை எல்லாம் தயார். நான்-ஸ்டிக் பாத்திரங்களை வீட்டை விட்டே அனுப்பினோம், அவை அதிகமாகச் சூடேறினால் வரும் புகை பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு காக்கடீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) இருக்கிறது. பறவை வளர்ப்பு எங்களுக்குப் புதிதில்லை.

விளம்பரத்தில் இருந்தது இது: ஆறு மாதக் குஞ்சு, ஆண், கையால் ஊட்டி வளர்த்தது, நன்றாகப் பழகும், டிஎன்ஏ (ஆணா பெண்ணா என்று பார்க்கும் பரிசோதனை) செய்தது, ஆரோக்கியமானது. விலை மலிவாக இருந்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். மற்றவர்கள் கேட்ட அதே விலைதான் இவரும் கேட்டார்.

போன் செய்தேன். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவர்தான் என்னைக் கேள்வி கேட்டார். வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், கூண்டு எவ்வளவு பெரியது, சின்னக் குழந்தைகள் உண்டா. "தப்பா நினைக்காதீங்க பிரதர், வாங்குறவங்களை நான் பார்ப்பேன். காசு இருக்குன்னு எல்லாருக்கும் தூக்கிக் கொடுத்துட மாட்டேன். இது என் பிள்ளை." அப்புறம் "வேற பறவை இருக்கா?" என்று கேட்டார். காக்கடீல் இருக்கிறது என்றேன். "அப்ப உங்களுக்கு அனுபவம் இருக்கு, என் பையன் நல்ல கைக்குத்தான் போறான்" என்றார். பணத்தைக் குறியாக வைத்திருக்கிற ஆள் இப்படிக் கேட்பாரா? அந்த நிமிடத்தில்தான் நான் அவரை நம்பினேன். அந்தக் கேள்விகள் எல்லாமே தூண்டில் என்று யாருக்குத் தோன்றும்? என் வீட்டில் இன்னொரு பறவை இருப்பது தெரிந்தே அவர் இதைச் செய்தார் என்பதை மறந்துவிடாதீர்கள், பின்னால் சொல்கிறேன்.

வீடியோ கால் கேட்டேன், உடனே வந்தார். பறவை அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. தலையைக் குனிந்து கழுத்தைச் சொறியக் கொடுத்தது. முகத்தை இரண்டு பக்கமும் காட்டச் சொன்னேன், காட்டினார். வீட்டில் காட்டுவதற்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கால் ரிங் (அடையாளத்துக்குக் காலில் மாட்டும் வளையம்) நம்பரும் டிஎன்ஏ சர்டிபிகேட்டும் கேட்டேன், அனுப்பினார். பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கான காகிதம் கேட்டதற்கு, "பெட்டியிலேயே ஒட்டி அனுப்புறேன் பிரதர்" என்றார். இன்னொருவர் முழுப் பணத்தோடு காத்திருப்பதாகவும், ஆனால் பறவை என் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று ஆசைப்படுவதாகவும் சொன்னார். அன்றே அனுப்பினேன். மூன்று மாதச் சம்பளம்.

பெட்டி வந்தது. ஒட்டியிருந்தது தீனி அட்டவணை மட்டும். திறந்ததும் பறவை பின்பக்கமாக ஒண்டிக்கொண்டு சீறியது. கையைப் பார்த்தாலே உடம்பு முழுக்க நடுங்கியது. நெஞ்சிலும் தொடையிலும் இறகே இல்லை, தானே பிடுங்கிப் பிடுங்கித் தோல் தெரிந்தது. கண்ணைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள்.

மக்காவ் வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புளூ அண்ட் கோல்டு குஞ்சுக்குக் கண் கறுப்பாக இருக்கும். மெல்ல மெல்லச் சாம்பலாகி, சில வருடங்கள் போன பிறகே வெளிர் மஞ்சளுக்கு வரும். ஆறு மாதக் குஞ்சுக்கு மஞ்சள் கண் வராது. அடுத்து ரிங்கைப் பார்த்தேன். குஞ்சு பிறந்த சில வாரத்துக்குள் விரல்களைச் சேர்த்துப் பிடித்து நுழைத்து விடுவது மூடிய ரிங். கால் பெருத்த பிறகு அதைப் போடவே முடியாது, அதனால்தான் அதற்கு மதிப்பு. இதன் காலில் இருந்தது குறடு வைத்து நெரித்து மாட்டிய திறந்த ரிங். எந்த வயதிலும், எவர் வேண்டுமானாலும் மாட்டலாம். சர்டிபிகேட்டில் இருந்த நம்பரும் அதில் இல்லை.

அப்புறம் முகம். இந்த வகை மக்காவின் கன்னம் வெள்ளைத் தோல், அதில் சின்னச் சின்னக் கறுப்பு இறகுகள் கோடுகோடாக ஓடும். அந்தக் கோடுகள் பறவைக்குப் பறவை வேறுபடும், நம் கைரேகை மாதிரி. ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீடியோவில் இருந்த பறவைக்கு வலது கண்ணுக்குக் கீழே மூன்றாவது கோடு நடுவில் விட்டுப் போயிருக்கிறது. என் வீட்டுக்கு வந்ததற்கு எல்லாக் கோடும் முழுசாக இருக்கிறது.

உடனே அழைத்தேன். "பயணக் களைப்பு பிரதர், சரியாகிடும்." கண் மஞ்சளாக இருக்கிறதே? "லைட் வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்." முகக்கோடு? "வளர வளர மாறும்." வீடியோ கால் பேசி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள்ளா வளர்ந்து மாறியது? போனை வைத்துவிட்டார். மறுநாள் "பிரதர்" போய் "சார்" ஆகிவிட்டது. "சார், உயிருள்ளதுக்கு ரிட்டர்ன் கிடையாது, விளம்பரத்திலயே போட்டிருக்கு." பிறகு, வேண்டுமானால் திருப்பி அனுப்பச் சொன்னார், வழியில் செத்தால் பணம் வராதாம். நடுங்கிக்கொண்டிருக்கிற ஒரு உயிரை மறுபடி பெட்டியில் அடைத்து அனுப்ப என்னால் முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

ஒரு இரவு விளக்கை அணைத்த பிறகு அறையிலிருந்து இருமல் சத்தம் வந்தது. வயதானவர்கள் இருமுகிற மாதிரி நீளமான இருமல். ஓடிப்போய்ப் பார்த்தால் பறவைதான். இருமி முடித்துவிட்டு, ஒரு வயதான பெண்மணியின் குரலில், அத்தனை தெளிவாக, "சாப்பிட்டியா கண்ணு?" என்றது. அதையே இன்னொரு தடவையும் சொன்னது. எங்கேயோ ஒரு வீட்டில் பல வருடம் இருந்திருக்கிறது. யாரோ ஒரு அம்மா தினமும் அதைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு என்ன ஆனது, பறவை எப்படி அந்த வீட்டை விட்டு இவர் கைக்கு வந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. மக்காவ் ஆளோடு ஒட்டிவிட்டால் அந்த ஆளைத் தேடும். இழப்பில் இறகைப் பிடுங்கிக்கொள்ளும் கிளிகள் உண்டு. அப்படி ஒரு பறவையை "ஆறு மாதக் குஞ்சு" என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார். உள்ளதைச் சொல்லியிருந்தால், வீடு இழந்த வளர்ந்த பறவை என்றே தெரிந்திருந்தால், நாங்கள் அதற்குத் தகுந்த மாதிரி தயாராகி எடுத்திருக்கவும் கூடும். பொய் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

நன்றாகத் தின்றது. ஆனால் இளைத்துக்கொண்டே போனது. எச்சத்தில் சூரியகாந்தி விதைகள் செரிக்காமல் அப்படியே கிடந்தன. பறவைகளுக்கென்றே பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனோம். இந்த வகை மக்காவ் சாதாரணமாக ஒரு கிலோ சுமாருக்கு இருக்கும். இது 800 கிராம்கூட இல்லை, நெஞ்செலும்பு கையில் குத்தியது. மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார். முன்னிரைப்பை வீங்கி விரிந்திருந்தது. இரைப்பைக்குப் போகும் நரம்புகள் கெட்டு, உள்ளே போன தீனி அரைபடாமல் வெளியே வருகிறது, நிறையத் தின்றும் பறவை பட்டினியில் இளைக்கிறது என்று விளக்கினார். 1970களில் மக்காவ்களில்தான் இதை முதலில் கவனித்தார்களாம், அதனால் மக்காவ் இளைப்பு நோய் என்றே பழைய பெயர். இதற்குப் பின்னால் இருப்பது போர்னா வைரஸ் வகை என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். முழுசாகக் குணப்படுத்த மருந்து இல்லை. வீக்கத்தைக் குறைக்க மருந்து, சுலபமாகச் செரிக்கும் தீனி, அவ்வளவுதான். இவ்வளவு விரிந்திருப்பது என் வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பித்தது இல்லை என்று எழுதியே கொடுத்தார்.

இது மற்ற கிளிகளுக்கும் தொற்றும். புதுப் பறவையைத் தனி அறையில்தான் வைப்போம் என்பதால், காக்கடீலுக்கு முதல் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது. ஆனால் வைரஸ் விட்டுவிட்டுத்தான் வெளியே வரும், ஒரு தடவை இல்லை என்று வந்தால் போதாது, மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். என் காக்கடீலைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட மனிதர்தான் இந்தப் பறவையை அனுப்பினார். எனக்கு ஆறாதது இதுதான்.

மருத்துவர் எழுதியதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "என்கிட்ட இருந்தப்ப நல்லா இருந்தது, உங்க தீனி சரியில்லை" என்று ஒரு வரி. அப்புறம் பிளாக்.

செயலியில் புகார் கொடுத்தேன். வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே தங்கள் வேலை, பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு ஆயத்தப் பதில், கீழே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு. என்ன தீர்ந்தது? மறுபடி எழுதினால் அதே பதில் மறுபடி வருகிறது. பணம் அனுப்பிய இடத்தில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், திருட்டுக் கணக்கில் வராது என்கிறார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "பறவைதான் வந்துடுச்சே, அப்புறம் என்ன ஏமாத்து?" மூன்று மாதச் சம்பளம் போயிருக்கிறது, மருத்துவச் செலவு அதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. பறவை வந்துவிட்டதாம்!

யாரும் "இதைப் பார்த்தீர்களா, அதைக் கேட்டீர்களா" என்று எழுத வேண்டாம். வீடியோ, ரிங் நம்பர், சர்டிபிகேட் எல்லாம் கேட்டேன், எல்லாம் கொடுத்தார். எல்லாம் வேறொரு பறவையுடையது.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், மருந்து கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள், பாதிப் பணம்கூட. போகும்போது கண் நிறம், மூடிய ரிங், நம்பர் மூன்றையும் நீங்களே பாருங்கள். டிஎன்ஏ சர்டிபிகேட் ஆணா பெண்ணா என்று மட்டும்தான் சொல்லும், ஆரோக்கியத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை, அதைக் காட்டி "ஹெல்த் சர்டிபிகேட்" என்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள். மக்காவ் எல்லாமே, காட்டுயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை, ஸ்கார்லெட், ஹயசிந்த் வகை மக்காவ்கள் இன்னும் கடுமையான முதல் பட்டியலில். எங்கிருந்து வந்தது என்ற காகிதம் பணத்துக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். பறவைக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்தவரிடம் எடை, எச்சம், ரத்தம் பார்த்த பிறகே முழுப் பணம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள். தானாகத் தின்னப் பழகாத குஞ்சை "நீங்களே ஊட்டினால் ஒட்டிக்கும்" என்று தள்ளிவிடுவார்கள், அதையும் வாங்காதீர்கள். ஊட்டும் கூழ் கொஞ்சம் சூடு கூடினாலே கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை வெந்துவிடும்.

எங்கள் பறவை எங்களோடுதான் இருக்கும், யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. "திருப்பிக் கொடுத்துடுங்க" என்று சொல்பவர்கள் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

நேற்று வீடியோ காலில் காட்டிய அதே பறவையின் வீடியோ அந்தச் செயலியில் வேறு பெயரில், வேறு போன் நம்பரோடு மறுபடி வந்திருக்கிறது. அதே ஆறு மாதக் குஞ்சாம். நான் புகார் செய்தும் இன்னும் எடுக்கவில்லை. வலது கண்ணுக்குக் கீழே மூன்றாவது கோடு நடுவில் விட்டுப் போன மக்காவைக் காட்டி யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம். ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.