‘கார்பன் நியூட்ரல்’ கரண்ட் பிளான்: 24 மாசம் போட்டுப் பாத்தாச்சு

கம்பெனி பேர் வேணாம். சிங்கப்பூர்ல வீட்டுக்கு கரண்ட் விக்கிற கம்பெனிங்கள்ல ஒண்ணு, அவங்களோட ‘கார்பன் நியூட்ரல்’ பிளான 24 மாசத்துக்கு எடுத்தேன். நாலறை வீடு, மூணு பேரு, ராத்திரி மட்டும் ஏர்கான், மாசம் 370 யூனிட் முன்னபின்ன ஓடும். அவங்களோட சாதா பிளானவிட யூனிட்டுக்கு அரைக் காசு (சென்ட்) கூட, அதாவது மாசம் ரெண்டு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) வராது, ஒரு கோப்பிக் காசுதானேன்னு போட்டுட்டேன்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். பத்து நிமிஷத்துல ஆன்லைன்லயே முடிஞ்சுது, வீட்டுக்கு ஆள் வரல, கரண்ட் ஒரு செகண்ட் போகல, பில் தப்பு வந்ததே இல்ல. வீட்டுக்காரி மட்டும் “ஏங்க, இனிமே வேற ஒயர்ல வருமா”ன்னு கேட்டா. சிரிச்சுட்டேன், அப்புறம் பாத்தா கேக்க வேண்டிய கேள்வியே அது ஒண்ணுதான். வேற ஒயரெல்லாம் இல்ல. இந்த ஊர் கரண்ட்ல 95 சதவீதம் போல நேச்சுரல் கேஸ எரிச்சு வர்றது, இந்தோனேசியா மலேசியாலேருந்து பைப்புல கொஞ்சம், கப்பல்ல எல்என்ஜியா, அதாவது குளுர வச்சு திரவமாக்கின கேஸா கொஞ்சம். 2021ல தெங்கே நீர்த்தேக்கத்துல 60 மெகாவாட் சோலார் மெதக்க விட்டாங்க, எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) மொட்டமாடி பூரா பேனல் மாட்டறாங்க, ஆனா இருக்கற எடம் இவ்வளவுதானே. பிளான் பேர் என்னவா இருந்தாலும் சாக்கெட்டுல வர்றது அதே கேஸ் கரண்ட், யூனிட்டுக்கு சுமார் 400 கிராம் கார்பன் டை ஆக்சைடு.

அப்ப நியூட்ரல் எப்படின்னா, நம்ம பேர்ல கார்பன் கிரெடிட், அதாவது வேற எங்கயோ ஒரு டன் புகை கொறஞ்சதுன்னு குடுக்கற சீட்டு, வாங்கி கணக்குல கழிச்சுடறாங்க. வருஷத்துக்கு ஒரு சர்டிஃபிகேட் மெயில்ல வரும், ஓரத்துல பச்ச இலை படம். மொத வருஷம் தொறக்கவே இல்ல. ரெண்டாவது வருஷம் சும்மா தொறந்து பாத்தா கிரெடிட் வந்தது திருநெல்வேலி மாவட்டத்துக் காத்தாலைலேருந்து! எனக்கு சொந்த ஊரே பணகுடி பக்கம். நான் பள்ளிக்கூடம் போறப்பவே அங்கெல்லாம் காத்தாலை சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு, ஆடி மாசம் சைக்கிள மிதிச்சா வண்டி முன்னால போகாது, ஆளையே ஓரமா தள்ளும், அப்பேர்ப்பட்ட காத்து. என் அரைக் காசு போகலேன்னா அது நின்னுருமா? இந்த மாதிரி சந்தேகத்துனாலதான் வெர்ரான்னு கிரெடிட் பதிவு பண்ற அமைப்பு 2020லேருந்து இந்தியா மாதிரி நாடுகள்ல புதுசா பெரிய காத்தாலை, சோலார சேக்கறதையே நிறுத்திடுச்சு. பழசுங்க மார்க்கெட்ல சல்லிசா கெடக்கு.

சரி இது எந்த வருஷத்து கிரெடிட்னு சாட்ல கேட்டேன். மூணு நாள் கழிச்சு சேர்றப்ப அனுப்பின அதே பிடிஎஃப்ப திருப்பி அனுப்பினாங்க. போன் போட்டா அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா “மேல கேட்டுச் சொல்றேன் சார்”னு சொல்லுச்சு, இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு போல.

எனக்கு இது ஏன் உறுத்துதுன்னா நான் வேல பாக்கறது ஜூரோங் தீவுல. ஏழு குட்டித் தீவ மண்ணக் கொட்டி ஒட்டி ஒண்ணாக்கின எடம், பாஸ் இல்லாம உள்ள போக முடியாது. கிராக்கர் பிளாண்ட்ல ஃபர்னஸ் பக்கம் டெக்னீஷியன், நாஃப்தாவ (கச்சா எண்ணெய்லேருந்து வர்றது) 800 டிகிரிக்கு மேல காய்ச்சி, பிளாஸ்டிக் செய்யற எத்திலீன் எடுக்கறது. ஃபர்னஸ் உள்ள பாக்கற குட்டிக் கதவு, பீப் டோர், அத தொறந்தா டியூப் வரிசையா ஆரஞ்சுக் கலர்ல தகதகன்னு நிக்கும், ரெண்டு செகண்ட்ல மொகம் காஞ்சுரும். அந்தச் சூட்டுக்கு எரியற கேஸ்தான் புகையா மேல போகுது. நாடு மொத்தமா வருஷத்துக்கு விடறது 6 கோடி டன்னுக்குக் கொஞ்சம் கம்மி, அதுல பாதிக்குக் கிட்ட தொழிற்சாலைங்களோடது. வருஷம் 25,000 டன்னத் தொட்டாத்தான் கார்பன் வரி கட்டணும், அந்த லிஸ்ட்ல ஒரு 50 எடம் இருக்கு. எங்க வீட்டுக் கரண்ட் கணக்கு 1.8 டன். அந்த 25,000ஐ எட்டறதுக்கே எங்க வீடு மாதிரி 14,000 வீடு வேணும்.

வரி 2019ல டன்னுக்கு 5 வெள்ளியா ஆரம்பிச்சு 2024ல 25 ஆச்சு, 2026க்கு 45. பவர் ஸ்டேஷனும் இந்த வரிய கட்டுது, கட்டினது நம்ம பில்லுக்கு வந்துரும், 45ன்னா யூனிட்டுக்கு 1.8 காசு. ஆக ஒரே புகைக்கு நான் ரெண்டு தடவ காசு குடுத்திருக்கேன், ரெண்டாவது தடவ குடுத்த அரைக் காசு டன்னுக்கு 12 வெள்ளி சொச்சம்தான் ஆகுது, அதுல கிரெடிட்டுக்கு எவ்வளவு போச்சுன்னு பில்லுலயும் இல்ல சர்டிஃபிகேட்லயும் இல்ல. இதுல காமெடி என்னன்னா, பிளாண்டுங்களும் வரி கட்ட வேண்டிய அளவுல 5 சதவீதம் வரைக்கும் கிரெடிட்டால கழிக்கலாம், ஆனா பப்புவா நியூ கினியா, கானா மாதிரி சிங்கப்பூரோட ஒப்பந்தம் போட்ட நாட்டுது, 2021க்கு அப்புறம் கொறச்ச கணக்கா இருக்கணும், இன்னும் ஏகப்பட்ட கண்டிஷன். பழைய காத்தாலை கிரெடிட்டத் தூக்கிட்டுப் போனா வாங்க மாட்டாங்க. எங்க வீட்டுக்கு மட்டும் அது போதுமாம்.

கரண்ட், பில்லுக்கு 5க்கு 4 குடுப்பேன். ‘நியூட்ரல்’க்கு 1, அதுவும் ஊர் ஞாபகம் வர வச்சதுக்கு.

எடுக்கறவங்க ஒண்ணு பாத்துக்கங்க, நடுவுல விட்டா அபராதம் உண்டு. எனக்கு அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது, அதுக்கப்புறம் சாதா பிளானுக்கு மாறச் சொல்லிட்டேன். 24 மாசத்துக்கு மிச்சமாகறது 44 வெள்ளி. வீட்டுக்காரி அதுல ஒரு ஸ்டாண்டு ஃபேன் வாங்கச் சொல்லிட்டா, ஏர்கான ஒரு மணி நேரம் லேட்டா போட்டாப் போதும்ங்கறா.